ஏறுவெயில் நேரத்துப் பிள்ளைகள்

வல்லம் ஓர் ஊர், வடகால் இன்னோர் ஊர். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் அக்கம்பக்கமாகக் கிடந்த இரண்டு கிராமங்கள். சிப்காட் தொழிற்பூங்கா வந்தபோது நிலங்களோடு பெயர்களையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். பிழைக்க வந்தவர்களுக்கு இப்போது அது ஒரே ஊர்: வல்லம் வடகால். பழைய ஆட்கள் மட்டும் இன்னும் பிரித்துச் சொல்கிறார்கள். என் பெரியம்மா வடகாலை ஒருநாளும் வல்லத்தோடு ஒட்டிச் சொன்னதில்லை.

விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வரத் தொடங்கிவிடும். முன்கண்ணாடியில் அரக்கோணம், செய்யாறு, வந்தவாசி, உத்திரமேரூர் என்று ஊர்ப் பெயர் எழுதிய அட்டை. உள்ளே பாதிப் பேர் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கழுத்தில் டேக், மடியில் டிபன் பை. முகங்களைப் பார்த்தால் பதினெட்டு, பத்தொன்பது, மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு. ஒருவர் இறங்கும் இருக்கையில் இன்னொருவர் ஏறி உட்கார்கிறார். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்புகிறவர்களுக்கு அது வீட்டுக்குப் போகிற பஸ். காலை ஷிப்டுக்கு வந்தவர்களுக்குப் பொழுது இனிமேல்தான்.

அங்கே போன ஒரு காலையில் என் பையில் ஒரு நாவல் இருந்தது. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’. 1991-ல் வந்தது, அவருடைய முதல் நாவல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழையதான ஒரு கொங்கு நாட்டுக் கதையைக் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்பேட்டைக்கு ஏன் தூக்கிக்கொண்டு போனேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஏறுவெயில் என்ற சொல்லை விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இளவெயில் போய், உச்சிக்கு இன்னும் நேரம் இருக்கும்போது மேலே மேலே ஏறுகிற வெயில் அது. உச்சிவெயிலில் யாரும் வயலில் நிற்பதில்லை, நிழலுக்குப் போய்விடுவார்கள். ஏறுவெயிலில் வேலை நடந்துகொண்டே இருக்கும். சுடுகிறது என்று சொன்னால், இதற்கேவா, இன்னும் உச்சியே வரவில்லையே என்பார்கள். பதின்பருவத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைத் தமிழில் வேறு யாரும் வைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நாவலில் ஒரு பையனின் குடும்பத்துக்குத் தலைமுறைகளாகச் சோறு போட்ட நிலம், வீட்டுவசதிக் குடியிருப்பு கட்டுவதற்காகப் போய்விடுகிறது. அவன் ஓடித் திரிந்த காடு, மரம், மேடு எல்லாம் மட்டமாக்கப்படுகின்றன. குடும்பம் ஒரு சின்ன இடத்துக்குள் ஒடுங்குகிறது. கைக்குப் பணம் வருகிறது, வந்த வழியே போகிறது. உறவுகள் ஒவ்வொன்றாகக் கசக்கின்றன. பெரியவர்கள் ஆளுக்கொரு திசையில் சிதறுவதைப் பையன் பார்த்துக்கொண்டே வளர்கிறான். அவனுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. கேட்டாலும் சொல்ல அவனிடம் சொல் இல்லை. மீசை அரும்புகிற வயதில் உடம்பும் மாறுகிறது, ஊரும் மாறுகிறது. எது எதனால் வலிக்கிறது என்று பிரித்தறிய முடியாத வயது அது.

பெருமாள்முருகன் 1966-ல் திருச்செங்கோட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா திரையரங்கில் சோடாக்கடை வைத்திருந்தார். அந்தத் திரையரங்கு உலகமும் அதில் அலைக்கழியும் பையன்களும் அவருடைய அடுத்த நாவலான ‘நிழல் முற்ற’த்தில் (1993) வருகிறார்கள். 2000-ல் வந்த ‘கூளமாதாரி’யில் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவன். மூன்று நாவல்களிலும் பெரியவர்களின் உலகம் சிறுவனின் உயரத்திலிருந்து பார்க்கப்படுகிறது. ‘மாதொருபாகம்’ நாவலைச் சுற்றி எழுந்த சர்ச்சையால்தான் பலருக்கு அவர் பெயர் தெரியும். என்னைக் கேட்டால், அவரைத் தெரிந்துகொள்ள இந்தப் பையன்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். ஜனனி கண்ணன் மொழிபெயர்ப்பில் ‘ஏறுவெயில்’ 2020-ல் ஆங்கிலத்துக்கும் போனது. பெயரை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தார்கள். அந்தப் பெயரின் சூடு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

ஆண்டைக் கவனியுங்கள்: 1991. அந்த ஆண்டு மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதுதான் ஸ்ரீபெரும்புதூர் என்ற பெயரை உலகம் கேட்டது. அதுவரை இராமானுசர் பிறந்த ஊர் என்று வைணவர்கள் கும்பிட்ட ஊர். அதே ஆண்டு ஜூலையில் தில்லியில் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. 1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது, 1998-ல் முதல் கார் வெளியே வந்தது. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுப்பதற்கென்று தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது 1997-ல். பிறகு நோக்கியா, செயின்ட் கோபைன், ரெனோ நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, யமஹா. திருச்செங்கோட்டில் ஒரு குடும்பத்துக்கு நேர்ந்த கதையாக எழுதப்பட்ட நாவல், அடுத்த முப்பது ஆண்டில் ஒரு நெடுஞ்சாலை நெடுகிலும் நேரப்போவதன் முன்னோட்டம் போல ஆகிவிட்டது.

இந்த வேலைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இங்கே ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு நின்ற எத்தனையோ பிள்ளைகள் முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்திருக்கிறார்கள். குடும்பத்தில் முதல்முறையாக வங்கிக் கணக்கில் மாதாமாதம் பணம் விழுவதைப் பார்த்த பெண்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தின் மதிப்பு, அது இல்லாமல் இருந்தவர்களுக்குத் தெரியும். நான் கவலைப்படுவது, ஊர் தலைகீழான அந்த நடுவாண்டுகளில் பதின்வயதில் இருந்தவர்களைப் பற்றி. அவர்கள் கணக்கில் வரவில்லை. இழப்பீட்டுப் பட்டியலில் பட்டாதாரர் பெயர் இருந்தது, அவருடைய பிள்ளையின் பெயருக்கு அங்கே இடமில்லை.

என் பெரியம்மா மகளுக்கு ஒரு மகன். எனக்கு மருமகன் முறை. நிலம் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. நோட்டீஸ் வந்தது, அளந்தார்கள், கல் நட்டார்கள், பணம் வந்தது. வீடு தளம் போட்டார்கள், அவன் சித்திக்குக் கல்யாணம் நடந்தது, அவன் அப்பா ஒரு லோடு ஆட்டோ வாங்கி ஒரே வருஷத்தில் விற்றார். பிறகு குடித்தார். பத்தாம் வகுப்பில் பையன் பள்ளிக்கூடம் போகாமல் சுற்ற ஆரம்பித்தான். யாராவது பேசினால் முறைப்பான். பதினைந்தாவது வயதில் ஒரு ராத்திரி, ஒரு கம்பெனியின் மதில் ஏறிக் குதித்து வாட்ச்மேனிடம் மாட்டிக்கொண்டான். இரும்பு திருட வந்தவன் என்று அடித்து உட்கார வைத்தார்கள். என் அக்கா காலில் விழுந்து கூட்டிவந்தாள். அன்றிலிருந்து குடும்பத்தில் அவனுக்குப் பெயர் தறுதலை. நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். கல்யாண வீட்டில், அவன் காதில் விழும்படி.

நான் ‘ஏறுவெயிலை’ இரண்டாம் முறை படித்தது அதற்குப் பல வருஷம் கழித்து. படித்து முடித்த வாரம் அவனுக்குப் போன் செய்தேன். அந்த ராத்திரி எதற்குடா மதில் ஏறினே என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

“கெணறு இருக்குதான்னு பாக்கப் போனேன் மாமா.”

அவ்வளவுதான் சொன்னான். அவன் தாத்தா வெட்டின கிணறு. அவன் நீச்சல் பழகியது அதில்தான்.

பதின்வயதின் கோபத்தைப் பற்றி உலகம் திரும்பத் திரும்பப் பேசும் நாவல் ஒன்று உண்டு. ஜே.டி. சாலிங்கர் 1951-ல் எழுதிய ‘தி கேட்சர் இன் தி ரை’. ஹோல்டன் என்ற பதினாறு வயதுப் பையன் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். அது அவனுக்கு முதல் தடவையும் அல்ல. வீட்டுக்குப் போகத் துணிவில்லாமல் நியூயார்க்கில் அலைகிறான். எல்லாரையும் போலி என்கிறான், பொய் சொல்கிறான், அழுகிறான். நடுவில் டாக்சிக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறான்: சென்ட்ரல் பார்க் குளம் பனியில் உறைந்துபோகும்போது அதிலுள்ள வாத்துகள் எங்கே போகும்? அவர்களுக்கு எரிச்சல்தான் வருகிறது. ஹோல்டனின் தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் செத்துப்போயிருக்கிறான் என்பதைக் கவனித்துப் படிக்கிறவருக்கு, அந்த வாத்துக் கேள்வி விளையாட்டுக் கேள்வி அல்ல என்று தெரிந்துவிடும். இருந்த ஒன்று இருந்த இடத்தில் இல்லாமல் போனால் அது எங்கே போகிறது? என் மருமகன் மதில் ஏறிக் குதித்துக் கேட்டதும் அதே கேள்விதான்.

ஹோல்டன் வசதியான வீட்டுப் பிள்ளை. அவன் கெட்டலைந்தால் அனுப்பிவைக்க இன்னொரு பள்ளி இருக்கிறது, ஓய்வெடுக்க ஓர் இடம் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அலைவதற்கென்று வாய்ப்பது அதிகம் போனால் ஒரு கோடை விடுமுறை. அதற்குள் யாராவது ஒரு அண்ணன் கான்ட்ராக்டில் சேர்த்துவிடுவார். ஷூ, யூனிபார்ம், டேக். நின்ற இடத்தில் எட்டு மணி நேரம், ஓவர்டைம் பார்த்தால் பன்னிரண்டு. பதினேழில் இருந்த குழப்பம் எதுவும் தீராமலே பதினெட்டில் அவன் லைனில் நிற்கிறான். குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நாமும் நிம்மதியாகிவிடுகிறோம்.

இதுவரை பையன்களைப் பற்றியே பேசிவிட்டேன். வல்லம் வடகாலில் இளமை என்றால் இன்று முதலில் கண்ணுக்குத் தெரிவது பெண்கள்.

2024 ஆகஸ்ட் 17 அன்று, ஐபோன் பொருத்தும் பாக்ஸ்கான் நிறுவனத்தின் தலைவர் யங் லியு உடனிருக்க, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே ஒரு தங்கும் விடுதியைத் திறந்துவைத்தார். சிப்காட் 706.50 கோடி ரூபாயில் கட்டியது. 20 ஏக்கர், பத்து மாடிகளோடு 13 கட்டடங்கள், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். வகுத்துப் பார்த்தால் ஒரு கட்டடத்துக்கு 1,440 பேர். ஒரு நடுத்தரக் கிராமத்தின் மக்கள்தொகை, அத்தனையும் இளம்பெண்கள். இத்தனை ஆயிரம் பெண்கள் வீட்டை விட்டு ஒரே இடத்தில் தங்கி, தங்கள் சம்பாத்தியத்தில், தங்கள் வயதுக்காரிகளோடு இருபது வயதைக் கடப்பது நம் சமூகம் இதுவரை பார்த்திராத ஒன்று.

அந்த விடுதிக்கு முன்கதை உண்டு, அதை மறக்கக் கூடாது. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் தங்கி, ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் உணவு நஞ்சாகி நோயில் விழுந்தார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். கூட இருந்தவள் எந்த மருத்துவமனையில் இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று அறைத்தோழிகளுக்குத் தெரியவில்லை. சிலர் இறந்துவிட்டதாகச் செய்தி பரவியது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். மார்கழிக் குளிரில் விடியும்வரை, விடிந்த பிறகும். சங்கம் கிடையாது, தலைவர் கிடையாது. செய்தி பொய், யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. வதந்தியை நம்பிய விவரமில்லாத பெண்கள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. பிறகு ஆப்பிள் நிறுவனமே சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது.

வதந்தி பொய்தான். ஆனால் அந்தப் பெண்கள் சாலையில் உட்கார்ந்து கேட்டது, என் சிநேகிதி எங்கே என்பது. அதற்கு உடனே யாராவது பதில் சொல்லியிருந்தால் வதந்திக்கு வேலையே இருந்திருக்காது. பதில் சொல்லப்பட வேண்டியவர்களாக அவர்களை யாரும் நினைக்கவில்லை. இதைத்தான் என் மருமகன் விஷயத்தில் நாங்கள் வீட்டுக்குள் செய்தோம்.

அந்த நெடுஞ்சாலை ராத்திரியை எழுத ஒரு நாவலாசிரியை வேண்டும். தமிழில் பெண்பிள்ளை வளர்வதைப் பற்றி எழுத்து இல்லாமல் இல்லை. பாமாவின் ‘கருக்கு’ (1992) பள்ளி விடுதியிலும் கன்னியர் மடத்திலும் ஒரு தலித் பெண் தன்னைத் தானே கண்டெடுப்பதைச் சொன்னது. சல்மா பருவமெய்திய வயதில் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைக்கப்பட்டவர். ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) அடைபட்ட வீடுகளுக்குள் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒரு சிறுமியின் காது வழியாகக் கேட்க வைத்தார். சல்மாவின் பெண்களுக்கு வெளியே போவதே பெருங்கனவு. வல்லம் வடகாலின் பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். வந்து சேர்ந்த இடத்திலும் கேட் உண்டு, வார்டன் உண்டு, உள்ளே வரும் நேரம் உண்டு. ஆனால் கையில் சம்பளமும் போனும் இருக்கின்றன, பக்கத்துக் கட்டிலில் வேறு மாவட்டத்துக்காரி இருக்கிறாள். இந்த வாழ்க்கைக்கு இன்னும் கதை எழுதப்படவில்லை. எழுதப்பட்டிருந்தால் என் கண்ணில் படவில்லை, பட வேண்டும் என்று ஏங்குகிறேன்.

எழுதப்படாமல் நழுவிப்போன ஒரு தலைமுறை ஏற்கெனவே இங்கே உண்டு. நோக்கியா ஆலை ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது 2006-ல். பிளஸ் டூ முடித்த கையோடு பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். நம் கையில் இருந்த அந்தச் சின்ன நீலப்பெட்டி போன்களில் எத்தனையோ அவர்கள் விரல் பட்டு வந்தவை. 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. பதினெட்டில் உள்ளே போனவர்கள் இருபத்தைந்து, இருபத்தாறில் வெளியே வந்தார்கள். பலருக்கு வீட்டில் அடுத்த மாதமே கல்யாணப் பேச்சு. வரிச் சிக்கல், வணிக ஒப்பந்தம் என்று மூடலின் காரணங்களைப் பொருளாதாரப் பக்கங்கள் நிறையவே எழுதின. இருபத்தைந்து வயதில் ஓய்வுபெற்றவளின் மனசை எழுதிய பக்கம் எது?

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. பாக்ஸ்கானில் ஐபோன் பொருத்தும் வேலைக்கு மணமான பெண்களைத் தவிர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அந்த விவகாரத்துக்குள் நான் போகவில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் வீடு ‘கல்யாணம் எப்போ’ என்று கேட்கிறது. வேலைக்கு எடுக்கும் இடமும் அதையே வேறு காரணத்துக்காகக் கேட்டால், அவள் தன் வயதை யாரோடு பேசுவாள்?

வல்லம் வடகாலிலிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில், நிலம் பற்றிய அதே கேள்வியோடு இருக்கிறது ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலமும் ஊரும் தரமாட்டோம் என்று 2022 முதல் அந்த மக்கள் போராடி வருகிறார்கள். கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். மாலைக் கூட்டங்களில் பள்ளிப் பிள்ளைகள் தாத்தா பாட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம் எப்படி முடியும் என்று நான் ஆரூடம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் எட்டாவது படித்தவர்கள் இப்போது பிளஸ் டூ வந்திருப்பார்கள். அவர்களுடைய பதின்பருவம் முழுக்க ‘ஊர் இருக்குமா’ என்ற ஒரே கேள்விக்கடியில் கழிந்திருக்கிறது. என் கையில் அதிகாரம் இருந்தால், ஏகனாபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கும் அந்த 13 கட்டடங்களுக்கும் முதலில் ‘ஏறுவெயில்’ பிரதிகளை அனுப்புவேன். ஆறுதலுக்காக அல்ல, அந்த நாவலில் ஆறுதல் எதுவும் கிடையாது. நடந்ததை ஒருத்தன் பார்த்திருக்கிறான், மறக்காமல் வைத்திருந்து இருபத்தைந்து வயதில் எழுதியிருக்கிறான் என்று தெரிவதற்காக.

அன்று காலை என்னை வல்லத்தில் சந்தித்தவன் மருமகன்தான். இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. இப்போது அவனுக்கு இருபத்திரண்டு. ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட். டீக்கடையில் உட்கார்ந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். பின்அட்டையை நிதானமாகப் படித்தான்.

“நெலம் போன கதையா மாமா?”

“ஆமாண்டா. உன் வயசுப் பையன் சொல்ற மாதிரி.”

உள்ளே நாலைந்து பக்கம் புரட்டினான். கொங்குப் பேச்சு அவனுக்குப் புதிது. ஒரு சொல்லில் விரல் வைத்து அர்த்தம் கேட்டான், சொன்னேன். அன்று ஏன் அந்த மாதிரி பேசினேன் என்று கல்யாண வீட்டுச் சங்கதியை எடுத்தேன். அவன் டீயைப் பார்த்துக்கொண்டு, “வுடு மாமா” என்றான்.

“கெணறு இருந்துச்சாடா அன்னிக்கு?”

“மூடிட்டாங்க. பக்கத்துல இருந்த வேப்பமரத்த வெச்சிதான் எடத்தையே கண்டுபுடிச்சேன்.”

சாலையில் விடுதிப் பக்கத்திலிருந்து பஸ்கள் வரிசையாக வந்தன. அவை கடந்து போகும்வரை பேச்சு கேட்காது என்பதால் காத்திருந்தோம். கடைசி பஸ்ஸின் ஜன்னலோரம் ஒரு பெண் தூங்காமல் வெளியே பார்த்துக்கொண்டு போனாள். அவன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை எடுக்க எழுந்தான்.

“இப்ப அந்தக் கம்பெனியிலதான் மாமா நான் இருக்கேன். கெணத்து மேல ஷெட்டு போட்டு வண்டி நிறுத்துற எடமா ஆக்கிட்டாங்க. மூணாவது தூணு பக்கம். அங்கதான் தெனமும் நிறுத்துறேன்.”